நாளைக் காலையின் பூஜ்யம்

அக்கா அந்த வாளியைத் தூக்கியிருக்கக் கூடாது. அதுவும் இடது கையால் தூக்கியிருக்கவே கூடாது. வாரத்தில் மூன்று நாள் இரண்டு தடித்த ஊசிகள் ஏறுகிற கை அது. டயாலிசிஸுக்காக உள்ளே இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் வாட்ச் கட்டக் கூடாது, அதன்மேல் தலை வைத்துத் தூங்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. இதை நாள் தவறாமல் நோயாளிகளுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. என் வீட்டில் மட்டும் அது காற்றோடு போய்விட்டது.

நான் வேலை முடிந்து வந்தபோது கை வீங்கியிருந்தது. அவள் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்திருந்தாள். தரையில் ஈரம்.

"எத்தனை வாளி?"

"ஒண்ணு."

"அக்கா..."

"சரி, மூணு தடவை. ஆனா ஒவ்வொண்ணும் அரை வாளி. கூட்டிப் பாரு, ஒண்ணரைதான் வருது."

சிறுநீரகம் கைவிடும்வரை பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். எதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மீன் அத்தனையையும் நாளைக்கே விற்றுவிடுகிறேன் என்று கத்தினேன். "என்னையும் சேர்த்து வித்துடு, ஒரே வண்டியில போயிடறோம்" என்றாள். அதற்கு மேல் என்ன கத்துவது?

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. தொட்டியில் இருந்தவை டிஸ்கஸ் மீன்கள். தட்டு மாதிரி வட்டமாக, கையகலத்துக்கு வளரும். பார்க்க அழகு, வளர்க்கிறவனுக்கு நாய்ப்பாடு. தண்ணீர் கொஞ்சம் பழசானாலும் நிறம் கறுத்து மூலையில் போய் நின்றுகொள்ளும். நாளுக்கு இரண்டு மூன்று வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அது என் வேலை என்றுதான் ஏற்பாடு. முந்தின நாள் நான் செய்யவில்லை, அதற்கு முந்தின நாளும் செய்யவில்லை. இடுப்பு வலி என்றேன். இடுப்பு வலித்தது உண்மைதான், அவ்வளவு வலிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

மொத்தம் ஏழு மீன். பழைய வகுப்பறையை விட்டு வர மனமில்லாமல் அக்கா அவற்றுக்குப் பேர் வைத்திருந்தாள். எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிவது லீடர். சாப்பாடு போடும் முன்பே முண்டியடித்து வருவது முந்திரிக்கொட்டை. கடைசியில் வருவது லேட்டு. வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்தே இருப்பது கடைசி பெஞ்ச். மற்ற மூன்றுக்கும் பேர் கிடையாது. "நல்ல பிள்ளைங்க. நல்ல பிள்ளைங்க பேர் எந்த டீச்சருக்கும் ஞாபகம் இருக்காது" என்பாள்.

அன்று வீங்கிய கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன்: இனி வாளியே வேண்டாம், சொட்டுநீர் போட்டுவிடுகிறேன் என்று.

யோசனை எளிதானது. சமையலறைக் குழாயில் இருந்து ஒரு கிளை. அதில் ஒரு சின்ன வால்வு. அங்கிருந்து விரல் தடிமன்கூட இல்லாத வெள்ளை டியூப், கரி அடைத்த வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு வரும். முனையில் தோட்டத்துச் செடிகளுக்குப் போடுகிற டிரிப்பர். மணிக்கு நாலு லிட்டர், சொட்டுச் சொட்டாக. தொட்டியின் மேல்மூலையில் கண்ணாடியில் ஒரு ஓட்டை. புதுத் தண்ணீர் விழ விழ, அதே அளவு பழைய தண்ணீர் அந்த ஓட்டை வழியே வழிந்து, குழாயில் இறங்கி, பால்கனிச் சாக்கடைக்குப் போய்விடும். ராத்திரி பகல் பாராமல் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். யாரும் எதையும் தூக்க வேண்டாம்.

"கரி எதுக்கு?" என்றாள் அக்கா.

"குழாய்த் தண்ணியில குளோரின் இருக்குல்ல. மீனுக்கு ஆகாது. செவுளை அரிச்சிடும். கரி அதைப் பிடிச்சுக்கும்."

"எங்களுக்கு நீங்க செய்யிற மாதிரியா?"

"அதே மாதிரி."

அதே மாதிரிதான். நான் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியன்; அக்கா வருவதும் அங்கேதான். ஊசி, மெஷின் என்று மற்றவர்கள் பார்ப்பதெல்லாம் முன்பக்கம். பின்பக்க அறையில் இருப்பது தண்ணீர். ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டும், ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய சவ்வு மட்டும்தான் இருக்கும். குளோரினோ அதன் பங்காளி குளோரமினோ அதில் கலந்து வந்தால் ரத்த அணுக்கள் உடைந்து போகும். எங்கள் மெஷின்களில் உப்பைப் பிடிக்க ஒன்று இருக்கிறது, கிருமியைப் பிடிக்க ஒன்று இருக்கிறது. குளோரினைப் பிடிக்க ஆள் உயரக் கரித் தொட்டிகள் இரண்டு, அவ்வளவுதான். கரிக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்ததா என்பதைக் கரி வாய் திறந்து சொல்லாது. அதனால் தினமும் முதல் நோயாளியை உட்கார வைக்கும் முன் தண்ணீரைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, ஒரு கப்பில் பிடித்து, சோதனைப் பட்டையை அதில் ஆட்டி, நிறம் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

பட்டை வெள்ளையாகவே இருந்தால் பூஜ்யம். வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் அது வெள்ளையைத் தவிர வேறு எதையும் காட்டி நான் பார்த்ததில்லை. காலை ஐந்தரைக்கு ஒன்பது பேர் வாசலில் வந்து நிற்பார்கள். நேற்றும் பூஜ்யம், முந்தாநாளும் பூஜ்யம், இன்றைக்கு மட்டும் என்ன கொம்பு முளைத்துவிடப் போகிறது? முதலில் பதினைந்து நிமிஷத்தை ஐந்தாக்கினோம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தோம். பிறகு பார்க்காமலேயே பூஜ்யம் போட்டோம். நானும் கூட வேலை பார்க்கிற மீசையும் இதைப் பேசி முடிவு செய்யவில்லை. இருவருக்கும் தெரியும், இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கரியை மாற்றும் தேதி கடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பூஜ்யம்தானே வருது, அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றார். பூஜ்யம் காட்டுகிற கரியை எந்த மேனேஜர்தான் மாற்றுவார்?

சாமான் எல்லாம் வாங்கி முடித்து, கண்ணாடியில் ஓட்டை போட ஒருநாள் லீவு எடுத்தேன். லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டு வடிகட்டியைச் சோதித்துப் பார்க்க மையத்தின் பட்டை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே இருந்தது அது ஒன்றுதான். மற்றவை மேனேஜரின் பீரோவில் பூட்டிக் கிடந்தன. அவர் ஒன்பதரைக்கு முன்னால் வர மாட்டார்.

"டப்பாவை எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு மதியம் கொண்டாந்துடறேன்" என்றேன் மீசையிடம்.

"எடுத்துட்டுப் போ. அது என்னைக்கு நிறம் மாறியிருக்கு?"

"நோட்டு?"

"நீயே போட்டுட்டுப் போயிடு. காலையில கூட்டத்துல எனக்கு மறந்து தொலையும்."

போட்டேன். மறுநாள் தேதி, காலை ஐந்தரை, பூஜ்யம், என் கையெழுத்து. பேனா கொஞ்சம் மக்கர் செய்தது. கையெழுத்தை இரண்டாவது தடவை அழுத்திப் போட வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேடையில் வைத்தே எல்லாவற்றையும் இணைத்து, பாத்திரத்தில் சொட்டவிட்டேன். அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பட்டையை நனைத்து, ஒரு நிமிஷம் ஆட்டி, டப்பாவில் இருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டேன்.

"பூஜ்யம்."

"இன்னொரு தடவை பாரு."

"அக்கா, பூஜ்யம்னா பூஜ்யம்தான்."

"ஒரு தடவை வந்தா அதுக்குப் பேரு விடை இல்லடா. பாரு."

பார்த்தேன். பூஜ்யம். அவள் கேட்காமலே மூன்றாவது தடவையும் பார்த்தேன். அவள் பழைய பள்ளி டைரியில் தேதி போட்டு மூன்று பூஜ்யத்தையும் எழுதி வைத்தாள். அவளுக்கு மகிழ்ச்சி; எனக்கும்தான். என் தம்பி காரியக்காரன் என்று அவள் நினைப்பதை முகத்தில் பார்க்க முடிந்தது. அதை நான் ரசித்தேன் என்று சொல்லாமல் இருக்க முடியாது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மையத்தின் வேன் வந்து அவளைக் கூட்டிப் போனது. படியிறங்கும்போது, "ஓட்டை போடறேன்னு தொட்டியை உடைச்சு வெச்சிடாதே. நான் வர்றதுக்குள்ள முடிச்சிடுவியா?" என்றாள். நீ வந்து உட்காரும்போது சொட்டிக்கொண்டிருக்கும் என்றேன்.

கண்ணாடியில் ஓட்டை போட வேண்டுமானால் தண்ணீர் அந்த இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நாலடித் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துக் கொட்டினேன். அக்கம்பக்கம் எழுந்துகொள்ளட்டும் என்று ஆறரைவரை காத்திருந்தேன். வைர முனை போட்ட துளைப்பான் கண்ணாடியைத் தொட்டதும் எழுந்த கீச்சுச் சத்தத்தில் என் பல்லெல்லாம் கூசியது. முந்திரிக்கொட்டை என்ன சாப்பாடு என்று பார்க்க வந்துவிட்டது. ஒரு கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மறு கையால் மெல்ல அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம். வட்டமான கண்ணாடித் துண்டு என் உள்ளங்கையில் விழுந்தபோது விசிலடிக்கலாம் போல இருந்தது. ஓட்டையில் குழாய் மாட்டுவதற்கான டேங்க் நிப்பிளைப் பொருத்தி, வாஷர் வைத்து இறுக்கி, குழாயைப் பால்கனிவரை இழுத்து முடித்தபோது மணி ஏழே முக்கால்.

இனி தொட்டி நிறைய வேண்டும். குறைந்திருந்தது எண்பது லிட்டர். மணிக்கு நாலு லிட்டர் என்றால் இருபது மணி நேரம். அக்கா பதினொரு மணிக்கு வருவாள். வழிகிற தண்ணீரை அவள் பார்க்க வேண்டாமா? டிரிப்பரைக் கழற்றிவிட்டு, டியூப்பை அப்படியே தொட்டிக்குள் போட்டு, வால்வை முழுதாகத் திறந்தேன். அதற்கும் பொறுமையில்லாமல் வடிகட்டியின் இரு பக்கமும் தடித்த டியூப்பை மாட்டினேன். தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. நீச்சல் குளத்து வாடை லேசாக அடித்தது. பக்கத்துத் தெருவில் இரண்டு நாளாகப் பெரிய குழாய் உடைந்து பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். சரிசெய்தபின் மருந்தைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. கரிதான் இருக்கிறதே! நேற்று மூன்று தடவை பார்த்தாயிற்றே!

நேற்று பார்த்தது சொட்டு. இன்று ஓடுவது வெள்ளம். கரி வழியாகத் தண்ணீர் நிதானமாகப் போனால்தான் அது பிடிக்கும். இது எனக்குத் தெரியும். அடுத்தவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

தொட்டி நிறைந்து முதல் தண்ணீர் ஓட்டை வழியே வழிந்தது. டிரிப்பரை மாட்டினேன். சொட்டு, சொட்டு. பிரமாதம். டீ போட்டுக்கொண்டு வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் லீடரைப் பார்த்தேன். மேலே வந்து, வாயை நீருக்கு வெளியே நீட்டி, காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பேரில்லாத மூன்றும் பக்கத்தில் அதே மாதிரி. முந்திரிக்கொட்டை பக்கவாட்டில் சாய்ந்து கண்ணாடியில் மோதியது.

ஓடிப்போய் ஃப்ரிட்ஜ்மேல் இருந்த டப்பாவை எடுத்தேன். தொட்டித் தண்ணீரில் பட்டையை நனைத்தேன். நிறம் மாறிய பட்டையை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். நீலப்பச்சை. குழாயைத் திறந்து நேராகப் பிடித்துப் பார்த்தேன். அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டிய கரும்பச்சை.

முதலில் என் வாயில் வந்தது, "ஐயோ, அக்கா திட்டுவாளே." அந்த வார்த்தை முடியும் முன்பே அடுத்தது வந்தது. இதே தண்ணீர். இதே ஊர்க்குழாய். மூன்று கிலோமீட்டர் தள்ளி, தேதி கடந்த கரி வழியாக, ஆறு மணியில் இருந்து. மூன்றாம் நாற்காலியில் அக்கா. நோட்டில் என் பூஜ்யம். சோதிக்கிற டப்பா என் கையில்.

மணி எட்டு நாற்பது.

மீசை நாலாவது மணியில்தான் எடுத்தான். "என்னடா, தொட்டி உடைஞ்சிடுச்சா?"

"தண்ணியை நிறுத்து. எல்லா மெஷினையும் நிறுத்து. குளோரின் ஏறியிருக்கு."

"எப்படிச் சொல்ற?"

"வீட்டுல பாத்தேன். பட்டை கறுத்துப் போச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது."

"டேய், உன் மீன் சாகறதுக்கு நான் ஒன்பது பேரை நடுவுல இறக்கணுமா? இங்க ரெண்டு கரித் தொட்டி இருக்கு."

"யாருக்காவது ஏதாவது பண்ணுதா?"

"ஏழாம் நம்பர் வாந்தி எடுத்தாரு. காலையில எதையாவது தின்னுட்டு வந்திருப்பாருன்னு..." குரல் தணிந்தது. "உங்க அக்கா தலை வலிக்குதுன்னாங்க."

"பெரிய சிஸ்டர்கிட்ட குடு."

"என்னன்னு சொல்லப் போற? நோட்டுல நீ பூஜ்யம் போட்டிருக்கியே."

"குடுடா!"

பெரிய சிஸ்டர் எங்கள் மையத்தின் தலைமை நர்ஸ். முப்பது வருஷ அனுபவம். அதட்டல் வாசல்வரை கேட்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அஞ்சரைக்குப் பாத்ததா எழுதியிருக்கே. உன் கையெழுத்துதானே இது? நீ இன்னைக்கு லீவுல்ல?"

இந்த இடத்தில் என்னிடம் ஒரு நொடி இருந்தது. எதையாவது சொல்லி மழுப்பலாம். மீசை பார்த்துவிட்டு என் பேரைப் போட்டிருப்பான் எனலாம். அந்த விளக்கத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். இரண்டு நிமிஷத்தில் அக்காவின் ரத்தம் அந்தச் சவ்வை எத்தனை தடவை சுற்றி வரும் என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

"நேத்தே போட்டேன் சிஸ்டர். பாக்கல. இன்னைக்கு மட்டுமில்ல, ஒரு மாசமா யாரும் பாக்கல. டப்பா என்கிட்ட இருக்கு. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

"ஒரு மாசமா பாக்கலையா?"

அவர் குரல் அங்கே ஒன்பது நாற்காலிக்கும் கேட்டிருக்கும். மூன்றாம் நாற்காலி நர்ஸ் மேஜையில் இருந்து எட்டு அடி. பிறகு போனைக் கீழே போட்ட சத்தம், "எல்லாத்தையும் நிறுத்து! கிளாம்ப் போடு! ரத்தத்தை யாருக்கும் திருப்பிக் குடுக்காதே!" என்ற கத்தல்.

சொட்டு வால்வை மட்டும் மூடினேன். மீன்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். எத்தனை சிக்னல் தாண்டினேன், எதில் நின்றேன், எனக்குத் தெரியாது.

மையத்துக்குள் நுழைந்தபோது மெஷின்களின் அலாரம் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஏழாம் நாற்காலிக்காரரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அவர்; தினமும் என்னைப் பார்த்ததும், "ரைட், போகலாம்" என்று குரல் கொடுப்பார். அக்காவின் முகம் மெழுகாக வெளுத்திருந்தது. கண் மூடியிருந்தாள். டியூப்பில் நின்றிருந்த ரத்தத்தைப் பார்த்தேன். ரத்தம் அடர்த்தியாக இருக்க வேண்டும், மறுபக்கம் தெரியக் கூடாது. இது தெளிந்த சிவப்பாக, விளக்கு வெளிச்சம் ஊடே தெரியும்படி இருந்தது. உடைந்த ரத்தம். திருப்பிக் கொடுத்தால் இதயத்தை நிறுத்திவிடும். அதை அப்படியே கழற்றிக் குப்பையில் போடத்தான் முடியும். அவள் உடம்பில் ஏற்கெனவே இருப்பதே கொஞ்சம்.

"அக்கா."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

பின்பக்க அறைக்குப் போய்ப் பட்டையை நனைத்தேன். நீலப்பச்சை. நோட்டில் என் பூஜ்யத்துக்குக் கீழே அடுத்த வரியில் நேரத்தையும் உண்மையான அளவையும் எழுதினேன். இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

மதியத்துக்குள் ஐந்து பேரை மேல் மாடி வார்டில் சேர்த்தார்கள். டிரைவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டாமல் மாடிக்கு வழியில்லை. தாண்டினேன். "தம்பி, ஏதாவது சொன்னாங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் படியேறினேன்.

அக்காவுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஐந்து மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. கடைசி பெஞ்சும் லேட்டும் வடிகட்டிக்குப் பின்னால் அடியில் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. குளோரினை முறிக்கும் மருந்தைத் தண்ணீரில் ஊற்றினேன். வாளிக் காலத்தில் தினமும் ஊற்றிய மருந்து அது. இனி தேவைப்படாது என்று காலையில் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது மீசை படிக்கட்டில் காத்திருந்தான். கையில் வெள்ளைத் தாள்கள்.

"மேனேஜர் எழுதிக் கேக்கறாரு. என்ன நடந்ததுன்னு நம்ம ரெண்டு பேரும் தனித்தனியா." சுற்றும் முற்றும் பார்த்தான். "டெலிபோன்ல சொன்னதை விடு, பதட்டத்துல உளறிட்டேன்னு சொல்லிக்கலாம். நேத்துவரைக்கும் ஒழுங்காப் பாத்தோம், இன்னைக்கு மட்டும் டப்பா கிடைக்கலன்னு எழுது. நானும் அதையே எழுதறேன். ஒருநாள் தப்புன்னா மன்னிப்பாங்க. ஒரு மாசம்னா நம்ம ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுது. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடா."

அவன் அழுதான். மீசை முழுதும் நனைந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் யோசிக்காதது இல்லை.

தாளோடு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, இரண்டாவது பை. உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எத்தனை?"

"அஞ்சு போச்சு. ரெண்டு இருக்கு. லேட்டும் கடைசி பெஞ்சும்."

"ஏழாம் நம்பரு?"

"இன்னும் கண்ணு திறக்கல."

கண்ணைத் திறந்தாள். என் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள். தேதிகூடப் போடாத வெள்ளைத் தாள்.

"நேத்து சாயங்காலம் மூணு தடவை பாத்தியே," என்றாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் தப்பான கணக்கைத் திருத்தும்போது அவள் இப்படித்தான் கேட்பாளாக இருக்கும். "மீனுக்கு. நான் ஒரு தடவைதான் திரும்பப் பாக்கச் சொன்னேன். மூணாவது நீயாப் பாத்தே. ஏன்?"

பொய் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"நீ பாத்துக்கிட்டு இருந்தே," என்றேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"காலையிலயும் நான் அங்கதான்டா இருந்தேன்."

ரத்தப் பையின் கீழே இருந்த சின்னக் குப்பியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன். நர்ஸ் மேஜையில் ஒரு பேனா கேட்டு வாங்கி வந்தேன். எந்தத் தேதியில் இருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை; பதினைந்து நிமிஷத்தை ஐந்தாக்கிய நாளா, பார்க்காமல் முதல் பூஜ்யம் போட்ட நாளா? அக்காவைக் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஐந்தாக்கிய நாளில் இருந்து எழுத ஆரம்பித்தேன்.